ஐம்பத்தைந்து அங்குல கெபாப்

துக்கம் வந்தால் பசிக்காது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. எனக்குப் பசிக்கும். சாதாரண நாளில் ஒரு தட்டு என்றால் துக்க நாளில் ஒன்றரைத் தட்டு. இதை வெளியில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இனிமேல் கூச்சப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. மலேசியாவின் அசாம் ஜாவாவில் ஆரம்பித்து செரண்டா வரைக்கும் என் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். என் அப்பாவின் உடல் நடுவீட்டில் கிடந்தபோது நான் கெபாப் தின்றதை அவர்கள் டிவியில் பார்த்திருக்கிறார்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை ராட்சசி என்று நினைத்துவிடுவீர்கள். (முழுக்கதையும் தெரிந்த பிறகும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. செரண்டா அத்தை அதில் முதல் ஆள்.)

அப்போது நான் மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தேன். நான்கு பேரோடு ஒரு வீட்டில் வாடகை அறை. சமையலறை பொது. நான் தாளித்தால் வீட்டில் இருக்கும் புகை மணி அலறும். இரண்டு முறை அலறியதும் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையில், இனி கடுகு வெடிக்காத சாப்பாடுதான் என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்கு நேர் எதிரே ஒரு கெபாப் கடை. கடைக்காரர் யூசுப், துருக்கிக்காரர். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்குக் கறியைக் கம்பியில் கோத்து வைத்திருப்பார். அது நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும், நெய் சொட்டிக்கொண்டே இருக்கும். கேட்டவுடன் நீளக் கத்தியால் சீவி, ரொட்டியில் போட்டு, பூண்டு சாஸும் மிளகாய் சாஸும் ஊற்றிச் சுருட்டி, வெள்ளித் தாளில் சுற்றிக் கொடுப்பார். அந்த வட்டாரத்திலேயே மலிவான சாப்பாடு அதுதான். என்ன கறி என்று கேட்டால் ஆடு என்பார். ஆட்டின் எந்தப் பாகம் என்று கேட்டால் அந்த ஆட்டுக்கே சொல்லத் தெரியாது. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. முதல் கடியிலேயே நான் அடிமை.

வாரத்துக்கு மூன்று என்று போய்க்கொண்டிருந்தபோதுதான் அம்மாவிடமிருந்து அந்த போன் வந்தது.

அப்பா எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் சர்க்கரை வியாதி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இடது காலில் சின்னதாக ஒரு புண் வந்து, ஆறாமல் பெரிதாகிக்கொண்டே போனது. அம்மா எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"உங்கப்பா கால் புண்ணு ஆறுற வரைக்கும் நம்ம குடும்பத்துல யாரும் கவிச்சி தொடமாட்டோம்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன் கலா. நீயும்தான்."

"நான் இங்க இருக்கேனேம்மா. நம்ம ஊரு நேர்த்திக்கடன் இங்க வரைக்குமா?"

"நீ என் வயித்துல பொறந்தவதானே? அப்ப நீயும்தான் லா."

சரிம்மா என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். பத்தொன்பது நாள் ரொட்டியும் பருப்பும் தின்று தாக்குப்பிடித்தேன். இருபதாவது நாள் இரட்டை ஷிப்ட் முடிந்து வந்தபோது காற்று அந்தக் கடைப் பக்கத்திலிருந்து அடித்தது. என் மூளை உடனே வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்தது. எஸ்டேட் அம்மனுக்கு எல்லை எதுவரை? மிஞ்சிப்போனால் கிள்ளான் வரை. கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி இந்த ஊர் வரைக்கும் வந்து பார்க்க அம்மனுக்கு வேறு வேலை இல்லையா? வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்தது. கடைக்குள் போனேன்.

அதன் பிறகு புதன்கிழமை தோறும் போனேன். அன்றைக்குத்தான் எனக்கு விடுமுறை. (மூன்றை ஒன்றாகக் குறைத்துவிட்டேன், கவனியுங்கள். அது என் பக்தி.) மனசு உறுத்தாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் கடைசிக் கடி தொண்டையில் இறங்கும்போது அப்பாவின் கால் கண் முன்னால் வரும். அடுத்த புதன் வரைக்கும் பயந்துகொண்டே இருப்பேன். அடுத்த புதன் வந்ததும் போவேன்.

ஒரு புதன் சாயங்காலம், வாய் நிறைய வைத்துக்கொண்டிருக்கும்போது அப்பா வீடியோவில் கூப்பிட்டார். பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டேன். கையும் களவுமாக மாட்டினேன்.

அப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒனக்குப் பின்னாடி என்னா அது சுத்துது?"

"கறிப்பா."

"இவ்ளோ பெருசா? நம்ம பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில விக்கிறானே, அதுவா?"

"அது குட்டிப்பா. இதுதான் தாய்."

"கிட்ட கொண்டு போயி காட்டு."

காட்டினேன். யூசுப் கை ஆட்டினார். அப்பாவும் கை ஆட்டினார். கத்தி சீவச் சீவக் கறி விழுவதை எஸ்டேட் இன்ஜினியர் மாதிரி உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு எச்சில் விழுங்கினார். அது திரையிலேயே தெரிந்தது.

"அம்மாட்ட சொல்லிடாதீங்கப்பா."

"நான் ஏன் சொல்றேன்? சொன்னா எனக்குத்தான் படம் போயிடும். எனக்கும் சேத்துத் தின்னு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் அவரே கூப்பிடுவார். வீட்டுக்குப் பின்னால் துணி காயும் இடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி ஒரு பக்கெட் மேல் வைத்துக்கொண்டு பேசுவார். "பூண்டு சாஸு என்னா இவ்ளோண்டு? கேட்டு வாங்கு." "அந்தப் பக்கம் முறுவலா இருக்கு பாரு, அதைச் சீவச் சொல்லு." நான் தின்னத் தின்ன அவர் சிரிப்பார். ஆனால் அவர் மட்டும் ஒரு துண்டு கருவாடுகூடத் தொடவில்லை. ஜெராம் மீன் கடைப் பக்கம் தம்பி காரை ஓட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். நேர்ந்துகொண்டவள் மனைவி, அதனால் அவர் தொடமாட்டார். மகள் தின்பதைப் பார்க்கக்கூடாது என்று அம்மா அம்மனிடம் சொல்லவில்லை. அப்பாவுக்குள்ளும் ஒரு வக்கீல் இருந்திருக்கிறார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஐந்து மாதம் இப்படிப் போனது. நடுவில் டாக்டர் இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எடுக்கப் போகும் நாளுக்கு முன்பே, ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

தம்பி தினேஷ்தான் போன் செய்தான். அவனால் பேச முடியவில்லை. அம்மா போனை வாங்கினாள். என் பழைய விசா முடிந்து புது விசாவுக்குக் காத்திருந்த சமயம் அது. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. அம்மாவுக்கு அது தெரியும்.

"நீ வராத. வந்தா திரும்பிப் போக முடியாதுன்னு தினேசு சொல்றான். நீ வந்து அவரு எந்திரிக்கவா போறாரு?"

நான் போகவில்லை. போயிருக்க வேண்டும். இதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. ஒரு விசாவுக்காக அப்பாவின் முகத்தைக் கடைசியாக நேரில் பார்க்காமல் விட்டேன்.

மறுநாள் புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு எடுப்பதாக முடிவானது. எனக்கு நான்கு மணி. தினேஷ் வீடியோவில் காட்டுவதாகச் சொன்னான். செய்தி வந்ததிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்றரைக்கே குளித்துவிட்டு, அறையில் தரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவாரம் பாடும் சத்தம் கேட்டது. அப்பாவின் கால் கட்டு தெரிந்தது. அவ்வளவுதான், படம் நின்றுவிட்டது. என் வாடகை வீட்டு இன்டர்நெட் எப்போதும் நொண்டும். அன்றைக்கு ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

போனைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவைக் கடந்து ஓடினேன். என் போன் ஒரே ஓர் இடத்தில்தான் கேட்காமலே இன்டர்நெட்டில் சேர்ந்துகொள்ளும். அது யூசுப் கடை.

மூலை மேசையில் உட்கார்ந்து, போனை சாஸ் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். தினேஷ் மறுபடி கூப்பிட்டான். எடுத்தேன். அப்பா தெரிந்தார். வேட்டி சட்டையோடு, நெற்றி நிறைய விபூதியோடு, யாரோ ஒரு பெரிய மனிதர் மாதிரி இருந்தார். யூசுப் என் முகத்தையும் போனையும் பார்த்தார். புதன்கிழமைகளில் கை ஆட்டும் மனிதர்தான் படுத்திருக்கிறார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், ஒரு கெபாப் சுற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எங்க ஊர்ல சாவு வீட்டுல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்கதான் சாப்பாடு கொண்டு வருவாங்க. இங்க உனக்கு நான்தான் பக்கத்து வீடு. சாப்பிடு சிஸ்டர்" என்றார் அவருடைய ஆங்கிலத்தில்.

நான் சாப்பிட வேண்டும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மட்டும் தானாகப் போய்த் தாளைப் பிரித்தது. புதன்கிழமை, அதே நாற்காலி, போனில் அப்பா, முன்னால் கெபாப். ஐந்து மாதப் பழக்கம் கைக்கு. வாய்க்குள் பாதி போன பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அதற்குள் பசி விழித்துக்கொண்டது. இன்னொரு கடி கடித்தேன், பெரிய கடி.

எனக்குத் தெரியாத விஷயம் இரண்டு. முதலாவது, அறையில் நான் அணைத்து வைத்திருந்த கேமரா, புதிதாகக் கூப்பிட்டபோது திறந்துகொண்டுவிட்டது. இரண்டாவது, பெரிய மகளும் அப்பா பக்கத்தில் இருக்கட்டும் என்று தினேஷ் பாசத்தோடு என் படத்தை டிவியில் போட்டு வைத்திருந்தான். ஐம்பத்தைந்து அங்குல டிவி. அப்பா பந்து விளையாட்டு பார்ப்பதற்காக நான்தான் வாங்கிக் கொடுத்தேன். என் மானம் கப்பலேறுவதற்கான கப்பலை நானே வாங்கி வீட்டில் மாட்டி வைத்திருந்திருக்கிறேன்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. அப்பாவின் அக்கா, செரண்டா அத்தை, அழுகையை நிறுத்திவிட்டு ஏற்பாட்டில் இறங்கினார்.

"பெரிய மக பேர்ல அம்மாக்காரி போடட்டும். தினேசு, அக்காவைப் பேசச் சொல்லு. அப்பான்னு ஒரு வார்த்தை கூப்பிடச் சொல்லு."

"அக்கா, அம்மா ஒன் பேர்ல போடுறாங்க. அப்பாவைக் கூப்புடு."

எல்லாரும் டிவியைத் திரும்பிப் பார்த்தார்கள். என் இரண்டு கன்னமும் உப்பியிருந்தது. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது உண்மையான தண்ணீர்தான். வாயைத் திறந்தால் ரொட்டி வெளியே வரும், மூடினால் மூச்சு வராது.

"ஐயோ, எம்புள்ளையப் பாருங்கடி. சத்தம் வரக்கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு விக்குது" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டார். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் ஓவென்று அழுதார்கள். நான் அவசரமாக விழுங்கப் பார்த்தேன். ரொட்டி தொண்டையில் நின்றது. மிளகாய் சாஸ் உதட்டோரமாக வழிந்து தாடைக்கு இறங்கியது.

"ரத்தம்" என்றார் யாரோ.

அத்தை டிவிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கையில என்னா அது? ஏய், இவ திங்கிறாடி."

அந்த நேரம் பார்த்து யூசுப் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அன்பான மனிதர். அவர் கேட்டது டிவி ஸ்பீக்கரில் வாசல் கூடாரம் வரைக்கும் கேட்டதாம்.

"சிஸ்டர், பூண்டு சாஸ் இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

மேளம் நின்றுவிட்டது. தினேஷ் பதறிப்போய் எதையோ அழுத்தினான். என் முகம் டிவி முழுக்கப் பெரிதாகியது. அம்மா கையில் அரிசியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். என் சின்னத் திரையில் அவள் முகம் சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனாலும் பார்த்தேன். அவள் திரும்பி அப்பா வாயில் அரிசியைப் போட்டாள். பிறகு போன் கட்டாகிவிட்டது. மறுபடி இணைப்பு வந்தபோது அப்பாவை எடுத்துவிட்டார்கள்.

அப்பா என்று ஒரு வார்த்தை கூப்பிடச் சொன்னார்கள். நான் கூப்பிடவில்லை.

அன்றைக்கே அத்தை தீர்ப்பு எழுதிவிட்டார். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அவருடைய குரல் பதிவு நான்கு நிமிடம் ஓடியது. சுருக்கம் இதுதான்: இவள் அங்கே கறி தின்றாள், நேர்த்திக்கடன் கெட்டது, என் தம்பி போனான். நான் நர்ஸ். புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று பரீட்சை எழுதித் தேறியவள். இருந்தும் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், கேட்கக் கேட்க அத்தை சொல்வதுதான் சரி என்று பட்டது.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எப்போது கூப்பிட்டாலும் தினேஷ்தான் எடுப்பான். "அம்மா குளிக்கிறாங்கக்கா." காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாள், மத்தியானம் கூப்பிட்டாலும் குளிக்கிறாள். எங்கள் வீட்டுத் தண்ணீர் டாங்கி அவ்வளவு பெரியது இல்லை. அப்பாவுக்குத் தெரியும்மா, அவர்தான் தின்னச் சொன்னார் என்று சொல்லிவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். ஆனால் அம்மா கோயில் கோயிலாக ஏறி இறங்கியபோது புருஷன் பின்னால் உட்கார்ந்து மகளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார் என்று எப்படிச் சொல்வது? செத்துப்போன மனிதரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. பழி என்னோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து விசா வந்தது. ஊருக்குப் போனேன். அம்மா பாதியாக இளைத்திருந்தாள். வா என்றாள், சாப்பிடு என்றாள், வேறு எதுவும் பேசவில்லை. ஆறாவது நாள் காலையில் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"அந்த ரொட்டிக்குள்ள என்னதான் வைக்கிறான்?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த ரொட்டிம்மா?"

"பொதங்கெழம ரொட்டி."

நான் கீரையைக் கீழே வைத்தேன்.

"அவரு பின்னாடி போயி உக்காந்துக்கிட்டு மெதுவா பேசுறதா நெனப்பு. லோரி ஓட்டுன மனுசனுக்கு மெதுவா பேசத் தெரியுமா? எல்லாம் இங்க கேக்கும்."

"தெரிஞ்சுமா கேக்காம இருந்தீங்க?"

"வெரல எடுக்கணும்னு சொன்னதுலேருந்து அவரு சிரிக்கிறதே இல்ல கலா. ஒன்கிட்ட பேசுறப்பதான் சிரிப்பாரு. நான் மேல சுத்துற காத்தாடிய நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பேன்." கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தாள். "பொறவு இப்படி ஆயிடிச்சி. நேந்துக்கிட்டது நானு. தெரிஞ்சே விட்டதும் நானு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒன்கிட்ட பேசுறது?"

எட்டு மாதமாக அவள் என் மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதே எட்டு மாதம், அப்பாவைக் கொன்றது தான்தான் என்று நினைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சர்க்கரை, கிருமி, ரத்தம், இதயம் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். எனக்கே சொல்லி நம்ப முடியாததை அவளுக்குச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"படிச்சவ நீ, சொல்ற. சரி" என்றாள். நம்பவில்லை. அது எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு பேச ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நாளில் நானும் அந்த ஊர் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டேன். கோயில் பூசாரி ஒரு பூசை செய்து நேர்த்திக்கடனை முடித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அம்மா கேட்கவில்லை. "புண்ணு ஆறுனாத்தானே முடியும். ஆறலையே" என்றுவிட்டாள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் முதல் தட்டு எனக்குத்தான். "இவளுக்கு மொதல்ல போட்டுருங்க, இல்லாட்டி டிவியில வந்து திம்பா" என்பார் அத்தை. புது மருமகள் யாராவது என்ன விஷயம் என்று கேட்டால் போச்சு, கதை ஆரம்பித்துவிடும். கதையைச் சொல்வது அம்மா. என் உப்பின கன்னத்தையும் முழியையும் அவளை மாதிரி யாராலும் செய்து காட்ட முடியாது. யூசுப் குரலில் "சிஸ்டர்" என்பாள். அத்தைகூட வயிற்றைப் பிடித்துக்கொள்வார். காத்தாடியை நிறுத்தியதை மட்டும் அம்மா யாரிடமும் சொல்வதில்லை.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நான் எழுந்து தட்டுகளை எடுக்க ஆரம்பிப்பேன். எல்லார் தட்டிலும் கோழி எலும்பு கிடக்கும். அம்மா தட்டில் கறிவேப்பிலை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கும்.